பதினோராம் கேள்வியில் ஃபெயிலானவர்

போன வியாழக்கிழமை எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னை ஃபெயிலாக்கிவிட்டாள்.

ஃபெயிலாவது எனக்குப் புதிதல்ல. எஸ்.எஸ்.எல்.சி. கணக்கில் தொடங்கி, டிரைவிங் லைசென்ஸ் வழியாக, சர்க்கரைப் பரிசோதனை வரைக்கும் பல துறைகளில் ஃபெயிலானவன். ஆனால் இந்த முறை கேள்வித்தாளைத் தயாரித்தவனே நான். கேள்வி கேட்டவன் ஃபெயிலாகி, பதில் சொன்னவள் பாஸாவது... இந்த ஊரில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

எப்படி நடந்தது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எண்பதுகள் பிறந்ததிலிருந்து ஊனமுற்ற குழந்தைகள் மீது எல்லோருக்கும் திடீர்ப் பாசம். மேடை, மாலை, மூன்று சக்கர வண்டி, போட்டோ. குழந்தை வண்டியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பதற்குள் போட்டோகிராபர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். இந்தக் கூட்டத்தில் சேராத ஒருவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து வந்தார் — டாக்டர் சுலோசனா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி டாக்டர்.

அவருடைய திட்டம் இது: ஒன்றாம் வகுப்பில் சேரும் ஊனமுற்ற குழந்தைகளை ஐந்தாம் வகுப்பு வரை விடாமல் பின்தொடர்வது. ஒவ்வொரு வருஷமும் அதே தேர்வு, அதே கேள்விகள். எந்தக் குழந்தை எதில் முன்னேறுகிறது, எதில் தடுமாறுகிறது என்று பார்ப்பது. நல்ல திட்டம். கிண்டல் இல்லை, நிஜமாகவே நல்ல திட்டம். நம் ஊரில் ஒரு குழந்தையை ஐந்து வருஷம் விடாமல் கவனிப்பவர் அதன் தாய் ஒருத்திதான். அப்பாவே நடுநடுவில் எந்தக் கிளாஸ் என்று மறந்துவிடுகிறார்.

அந்தத் தேர்வு எங்கிருந்தோ கப்பலேறி வந்தது. டாக்டர் அதை என்னிடமும் காட்டினார். படம் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். முதல் படம், ரொட்டி சுடும் மின்சாரப் பெட்டி. இரண்டாவது, கணப்பு அடுப்பு. அக்னி நட்சத்திரத்தில் வெந்துகொண்டிருக்கும் ஊரில் கணப்பு அடுப்பு. பதினோராவது படத்தில் ஓர் உறைந்த குளம். கம்பளித் தொப்பி போட்ட பையன் ஒருவன் அதைச் சுற்றிக்கொண்டு எப்படிச் சீக்கிரம் வீட்டுக்குப் போவான் என்று கேள்வி.

“இந்தக் குளத்தில் ஏன் மேடம் எருமையே இல்லை என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள்” என்றேன்.

“அப்போ நீங்களே எழுதிக் கொடுங்களேன் சார். எழுத்தாளர்தானே?” என்றார் டாக்டர்.

சும்மா இருந்திருக்கலாம். வாராவாரம் இந்தப் பக்கத்தை நிரப்புகிறவனுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? அன்று சாயங்காலமே நான் ‘வினா வடிவமைப்பு ஆலோசகர்’ ஆகிவிட்டேன். ஒரு ஃபைலும் கொடுத்தார்கள். ஃபைல் வந்தவுடன் மனிதனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. ஒரு வாரம் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே கறிகாய் வாங்கப் போனேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, குழந்தைகளுக்குக் கேள்வி எழுதுவது பெரியவர்களுக்குக் கட்டுரை எழுதுவதைப் போல் சுலபம் இல்லை என்று. ‘படத்தைப் பார்த்துச் சொல்’ என்று எழுதினால் பார்வை இல்லாத குழந்தை என்ன செய்யும்? ‘நான் சொல்வதைக் கேட்டுத் திருப்பிச் சொல்’ என்றால் காது கேளாத குழந்தை? ‘ஒரு நிமிஷத்துக்குள் கோடு போடு’ என்றால் கை நடுங்குகிற குழந்தை? எனக்கே பேனா மூடியைத் திறக்க ஒரு நிமிஷம் ஆகிறது. டாக்டரின் குழுவோடு சண்டை போட்டு, கை சொன்னபடி கேட்காத குழந்தைகளுக்கு இரண்டு நிமிஷம் வாங்கினேன். நான் வாங்கிய பெரிய வெற்றி அதுதான். அதற்குப் பிறகு எல்லாம் இறங்குமுகம்.

பதினோராம் கேள்வியைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. குளத்தைத் தூக்கிவிட்டு மலையை வைத்தேன். நான் அறிந்த மலை ஒன்றுதானே... அதே சாயலில் ஓவியர் வரைந்து கொடுத்தார். ஓர் அட்டை, நடுவில் மலை, சுற்றி வட்டமாகப் பாதை. பாதையை மையால் போடாமல் கோணி நூலை ஒட்டச் சொன்னேன் — பார்வை இல்லாத குழந்தையும் விரலால் தடவிப் போகலாம் அல்லவா? பென்சிலே வேண்டாம். வட்டத்தின் அடியில் ஒரு பொத்தான்: அது பையன். வலது ஓரத்தில் ஒரு சின்ன மரக்கட்டை: அது வீடு. வலப்பக்கமாகப் போனால் கால் வட்டம். இடப்பக்கமாகப் போனால் முக்கால் வட்டம். ‘பையனுக்குப் பசிக்கிறது. அவன் எந்தப் பக்கம் போனால் நல்லது? விரலால் காட்டு.’

சரியான விடை, வலப்பக்கம். சந்தேகம் உண்டா? எனக்கு இல்லை. குழுவில் ஐந்து பேருக்கும் இல்லை. எல்லோரும் பட்டதாரிகள்.

பள்ளிக்கு ஓர் அட்டை என்று செய்தார்கள். அப்போதுதான் டாக்டர் அம்மா ஒரு விதியைச் சொன்னார்: “இனிமே ஐந்து வருஷத்துக்கு ஒரு கமாவைக்கூட மாத்தக் கூடாது சார். மாத்தினா போன வருஷத்தோட ஒப்பிட முடியாது.”

“கேள்வியே தப்பாக இருந்தால்?”

“ஐந்து வருஷமும் அதே தப்பா இருக்கணும். அப்போதான் வளர்ச்சி தெரியும்.”

இதைக் கேட்டதும் எனக்கு நம் நாட்டு நிர்வாகத்தின் மேல் ஒரு புது மரியாதை வந்தது. இவ்வளவு நாளாக அது நீண்டகால ஆராய்ச்சி என்பது தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேனே...

இன்னொரு விதியும் உண்டு. தேர்வு நடத்துகிறவர் அட்டையில் உள்ளதைப் படிக்கலாம். டிக் போடலாம், பெருக்கல் குறி போடலாம், குழந்தை பதிலே சொல்லாவிட்டால் ஒரு சின்னக் கோடு போடலாம். ஆனால் குழந்தையிடம் ‘ஏன்’ என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அது ‘குறிப்புக் கொடுத்தல்’.

முதல் வருஷ ரிசல்ட் வந்தது. எங்கள் திருவண்ணாமலை டவுனில் பதினோராம் கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பெருக்கல் குறி. பக்கத்து ஊரான கீழ்பென்னாத்தூரில் மட்டும் பாதிப் பேர் தேறியிருந்தார்கள். இரண்டாம் வருஷமும் அப்படியே. நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, “ஏன் கண்ணு இப்படிப் போனே?” என்று கேட்போம். விதிப்படி அது கூடாதே. ஆகவே கேட்காமலே யோசித்தார்கள். ‘டவுன் குழந்தைகளிடம் திசையறியும் திறன் குறைவு’ என்று அறிக்கையில் முப்பது பக்கம் எழுதப்பட்டது. குழுவில் ஒருவர் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரை இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்.

நான் என்ன செய்தேன்? தலையை ஆட்டினேன். ‘அப்படியா, தண்ணீராக இருக்கும்’ என்றேன். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரைப் பற்றியே இத்தனை வருஷமாக எழுதுகிறவன்.

இவ்வளவும் சிரிப்புக்கு. இனி நசீமாவுக்கு வருவோம்.

நசீமா மூன்றாம் வகுப்பு. பிறக்கும்போது ஏதோ சிக்கல். கையும் காலும் அவள் சொன்ன வேலையைச் செய்யும், ஆனால் உடனே செய்யாது. பேச்சும் அப்படித்தான். ஒரு வாக்கியம் முடிய நாம் காத்திருக்க வேண்டும். யார் காத்திருக்கிறார்கள்? பாதி வாக்கியத்திலேயே ‘மந்தம்’ என்று முடிவு கட்டி எழுந்து போய்விடுகிறோம். அவளுடைய அப்பா பாஷா, தேரடி வீதியில் பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிறவர். தினமும் காலையில் மகளை சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு பள்ளிக்கு வருவார்.

தேர்வில் இருபது கேள்விகள். பத்து வந்தால் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே. நசீமா முதல் வருஷம் ஒன்பது. இரண்டாம் வருஷமும் ஒன்பது.

இந்த மார்க் ஆராய்ச்சிக்கு மட்டுமே என்று டாக்டர் அம்மா பள்ளிக்குக் கடிதம் எழுதியிருந்தார். மரியாதைக்காக மார்க் பட்டியலையும் கூடவே இணைத்திருந்தார். நம் ஆட்கள் கடிதத்தைப் படிப்பார்களா, இணைப்பைப் படிப்பார்களா? தலைமையாசிரியர் முடிவு செய்துவிட்டார்: மூன்றாவது தடவையும் பத்துக்குக் கீழே வந்தால் நசீமாவுக்கு டி.சி. வேலூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு விடுதி இருக்கிறதாம். அங்கே சேர்த்துவிட வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கலாம்.

இது எனக்குப் போன வியாழக்கிழமை வரை தெரியாது.

அன்று மூன்றாம் வருஷத் தேர்வு. பார்வையாளராக வர வேண்டியவருக்குக் காய்ச்சல். என்னைப் போய் உட்காரச் சொன்னார் டாக்டர். ஒன்றாம் வகுப்பு பெஞ்சில், முழங்கால் தாடையில் இடிக்க, உட்கார்ந்தேன். தேர்வு நடத்துகிறவள் மல்லிகா என்ற பெண். நல்ல பெண். ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, விதி மாறாமல், ரயில்வே அறிவிப்பு போலக் கேள்விகளைப் படித்தாள்.

எதிரே நசீமா. வாசலில் பாஷா, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். கையில் மடித்த ஒரு தாள்.

“என்ன பாய் அது?” என்றேன் மெதுவாக.

“டி.சி.க்கு எழுதின அப்ளிகேசன் சார். இன்னிக்கும் கம்மியா வந்துச்சுனா கையோட குடுத்துட்டுப் போவச் சொல்லிட்டாரு பெரிய சார். இன்னொரு நாளு கடைய மூடிட்டு வர்றதுக்கு இதே மேல்.”

ஃபைலைக் கக்கத்திலிருந்து எடுத்து பெஞ்சுக்கு அடியில் வைத்தேன்.

பதினோராம் கேள்வி வந்தது. மல்லிகா அட்டையை மேஜையில் வைத்துப் படித்தாள். நசீமா அட்டையைப் பார்த்தாள். விரலைத் தூக்கினாள். விரல் ஆடியது. பொத்தானைத் தொட்டது. வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். பிறகு இடப்பக்கமாகப் போக ஆரம்பித்தாள் — நூலைவிட்டு விலகி, திரும்ப நூலுக்கே வந்து, முக்கால் வட்டம். மரக்கட்டையைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

மல்லிகா பெருக்கல் குறி போட்டாள்.

விதியாவது மண்ணாவது. “ஏம்மா இந்தப் பக்கம் போனே?” என்று கேட்டுவிட்டேன்.

“சார்... கேக்கக் கூடாது சார்” என்றாள் மல்லிகா.

“கேட்டாச்சும்மா. என் பேரை எழுதிக்கோ.”

நசீமா என்னைப் பார்த்தாள். வார்த்தை வார்த்தையாக வந்தது. நான் காத்திருந்தேன்.

“அந்தாண்ட போனா... எதிர்ல வருவாங்க சார்.”

“யாரு?”

“எல்லாரும்.”

“படத்தில யாருமே இல்லையேம்மா.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நிறைய இரக்கம் இருந்தது. “படத்துல இல்ல... மலையில இருப்பாங்க. தீபத்துக்கு எல்லாரும் இப்பிடித்தான சுத்துவாங்க. நான் மெதுவாதான நடப்பேன். எதிர்ல வந்து இடிச்சா உழுந்துடுவேன். கூடவே போனா... தூரம் ஜாஸ்தி. ஆனா உழ மாட்டேன்.”

அட்டையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

அடுத்து வரிசையில் இருந்த அமுதா — தடிக் கண்ணாடி போட்ட பெண் — கேட்காமலே சொன்னாள். “அப்பிரதட்சணமா போவச் சொல்றீங்களா சார்? எங்கம்மா உதைக்கும்.”

யோசித்துப் பாருங்கள். மலையை எப்போதும் வலக்கைப் பக்கம் வைத்துத்தான் இந்த ஊர் சுற்றுகிறது. நடக்கக் கற்ற நாளிலிருந்து குழந்தை பார்ப்பது அதைத்தான். கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகள் பலருக்கு மலை என்றால் ஆடு ஏறுகிற ஒரு குன்று. பாதிப் பேர் சுருக்கு வழியில் போனார்கள். எங்கள் டவுன் பிள்ளைகளிடம் நம் மலையின் சாயலிலேயே ஒன்றை வரைந்து கொடுத்து, அதை எதிர்ப்பக்கமாகச் சுற்று, மார்க் தருகிறேன் என்று சொன்ன மேதை யார்? நான்தான். மலையைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிளை எதிர்ப்பக்கமாக விடுகிறவன். எதிரே வருகிறவர்கள் என்னைத் திட்டுவதை இத்தனை நாளும் வாசகர்களின் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு முடிந்தது. நசீமாவுக்கு ஒன்பது.

தலைமையாசிரியர் அறையில் டாக்டர் அம்மா இருந்தார். அட்டையோடு உள்ளே போனேன். பின்னாலேயே பாஷாவும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு நசீமாவும்.

“இந்த ஒரு கேள்விக்கு இரண்டு பாதையும் சரி என்று மாற்ற வேண்டும் மேடம்” என்றேன். நசீமா சொன்னதைச் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சார்... மூணு வருஷ வேலை. இப்ப விடையை மாத்தினா பழைய ரிசல்ட் எல்லாம் என்ன ஆகும்?”

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். “நான் என்ன விரோதியா சார்? கிளாஸ்ல அறுபது பேரு. இந்தப் பொண்ணு ஒரு வரி எழுதறதுக்குள்ள மத்ததுங்க பாடத்த முடிச்சிட்டு அடிச்சிக்க ஆரம்பிச்சிடுது. மார்க்க வெச்சித்தான முடிவு பண்ண முடியும்?”

“மார்க்கை அதுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு லெட்டர் போட்டிருந்தேனே சார்” என்றார் டாக்டர்.

“லெட்டர் பத்திரமா ஃபைல்ல இருக்குது மேடம்.”

நான் அட்டையை மேஜையில் வைத்தேன். மூன்று வருஷமாக மாற்றாத அதே அட்டை. “நூலைப் பாருங்கள் மேடம்.”

அவர் பார்த்தார். இடப்பக்கத்து முக்கால் வட்டம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, பிசிறு பிசிறாக நைந்திருந்தது. வலப்பக்கத்துக் கால் வட்டம் நேற்றுக் கடையில் வாங்கியது போல் பளபளவென்று இருந்தது. டாக்டர் ஆள்காட்டி விரலை நூலில் வைத்து மெல்ல ஓட்டிப் பார்த்தார். இடப்பக்கமாகத்தான்.

அவருக்கு என்ன கணக்கு ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது பக்கம் போய்விடும். மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். ‘நீங்களே விதியை மீறினீர்களா’ என்று கேட்பார்கள்.

“குழந்தை யோசிச்சு வழி தேர்ந்தெடுக்குதான்னு பார்க்கத்தானே இந்தக் கேள்வி?” என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வது போல. “இவ யோசிச்சிருக்கா. நாமதான் யோசிக்கலை.” மல்லிகாவைக் கூப்பிட்டார். “மூணு வருஷத் தாளையும் கொண்டாம்மா. பாதை ரெண்டே ரெண்டுதான். பதில் சொல்லாததுக்குக் கோடு போட்டிருக்கோம். அப்போ பெருக்கல் போட்டதெல்லாம் இந்தப் பக்கம் போனவங்க. மூணு வருஷத்துக்கும் திருத்திடலாம்.”

திருத்தத்துக்குக் காரணம் எழுத ஒரு படிவம் உண்டாம். நான் எழுதிக் கொடுத்தேன்: ‘வினா தயாரித்தவர் உள்ளூர்க்காரர். அதனால் உள்ளூரைக் கவனித்ததில்லை.’ கையெழுத்தும் போட்டேன். என் எழுத்தில் டாக்டர் அம்மா ஒரு சொல்லையும் வெட்டாமல் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

நசீமாவுக்குப் பத்து. போன வருஷமும் பத்து. அதற்கு முந்திய வருஷமும் பத்து. தலைமையாசிரியர் மூன்று தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, இங்கயே இருக்கட்டும். முன் பெஞ்சில வெச்சிப் பாக்கறேன்” என்றார்.

பாஷா அந்த அப்ளிகேசனை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நன்றி சொல்வார் என்று நாங்கள் எல்லோரும் முகத்தைத் தயாராக வைத்திருந்தோம்.

“அப்ப மூணு வருசமும் பாஸா சார் இவ?”

“பாஸ்தான் பாய்.”

“ரெண்டு வருசமா மந்தம் மந்தம்னு ரிப்போர்ட்ல நீங்க எழுதிக் குடுத்தீங்க. நானும் அதையே சொல்லி ஊட்ல இவளத் திட்டிக்கினு இருந்தேன். காலைல எழுப்பறதுலேர்ந்து திட்டுதான்.” குரலை உயர்த்தவில்லை. மகள் தலையில் கை வைத்திருந்தார். “அதுக்கு யாருக்கு சார் மார்க்கக் கம்மி பண்ணுவீங்க?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எனக்குத்தான் என்று ஒப்புக்கொள்ள நினைத்தேன். மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

தலைமையாசிரியர் முப்பது வருஷப் பழக்கத்தில் கேட்டார்: “என்ன சார், ஒண்ணுக்கா?”